தொட்டிக்கு ஒரு முதுகு

அக்டோபர் 3, வெள்ளி

மீன் தொட்டி வந்து இறங்கியது. மூன்றடி நீளம், இரும்பு ஸ்டாண்டுடன். தம்பி மகள் அபிராமி புனேயில் உட்கார்ந்தபடி போனில் ஆர்டர் போட்டுவிட்டாள். இங்கே உறையூரில் இரண்டு ஆட்கள் மாடிப்படியில் மூச்சுவாங்கத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான், அப்பா பார்த்துக்கொண்டிருக்க மீன். அவள் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது.

யோசனை எஸ்தருடையது. தம்பி சுகுமாரனுக்குப் பயிற்சி கொடுக்க வந்து போகும் பெண். ஆகஸ்டில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் என் தம்பிக்கு வலது கை, வலது கால், பேச்சு, எழுத்து எல்லாம் போயின. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல முடியாது. வாயின் வலது முனை தொங்கிவிட்டது. பார்வையிலும் வலது பாதி இல்லை. தட்டில் வலப்பக்கம் வைத்த இட்லி அவனுக்கு இல்லை. வலப்பக்கமாக வந்து நிற்கிற ஆளும் இல்லை. மீன் இப்படியும் அப்படியும் நீந்தினால் கண் அதன் பின்னால் போகும், போகப்போக அந்தப் பாதி மீளலாம் என்கிறாள்.

தொட்டியைக் கட்டிலின் கால்மாட்டுச் சுவரோரம் அவன் கண்மட்டத்துக்கு வைத்தாயிற்று. தலைமாட்டுக்குப் பின்னால் வலப்பக்கம் அறைக் கதவு. கதவுக்கு வெளியே சாப்பாட்டு மேசை, கை கழுவும் பேசின். நான் வருவது, போவது, உட்காருவது எல்லாம் அங்கேதான். அவனுக்கு இல்லாத பக்கம்.

என் மனைவி பத்மா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "பின்னாடி எதாவது ஒட்டணுங்க. சுவத்து ஓதமும் ஒயருமா அசிங்கமாத் தெரியுது. தம்பி நாள் முச்சூடும் இதத்தான பாக்கணும்?"

நாள் முழுக்க இதைத்தான் பார்க்க வேண்டும். அதை அவள் சொன்ன பிறகுதான் எனக்கு இந்தத் தொட்டியில் அக்கறை வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

புத்தூரில் ஜாபரின் மீன் கடைக்குப் போனேன். தொட்டியின் பின்னணிக்கென்றே ஒரு சுவரை ஒதுக்கியிருக்கிறார். நீலக் கடலும் பவளமும் அச்சடித்த போஸ்டர். பச்சைச் செடி போஸ்டர். கறுப்பு வினைல். பாறை மாதிரி வெட்டி வண்ணம் அடித்த தெர்மாகோல். கடைசியில் மிரர் ஃபிலிம் ஒரு சுருள்.

"என்ன மீனு சார் விடப்போறீங்க?"

"இன்னும் முடிவாகல."

"மீன முடிவு பண்ணிட்டு பேக்ரவுண்டு எடுங்க சார். பொண்ணு பாக்காம மண்டபம் புக் பண்ணுவாங்களா?"

கறுப்பு போட்டால் எந்த மீனும் பளிச்சென்று தெரியும் என்றார். நீலம் எடுத்தால் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கும் என்றார். தெர்மாகோல் பாறையைச் சில மீன்கள் கொத்தித் தின்றுவிடும், ஆனாலும் பார்க்க ஜம்மென்று இருக்கும் என்றார். எதை விற்றாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

"இது?" என்று சுருளைக் காட்டினேன்.

"அது ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ சார். ஒத்த மீன் விட்டாலும் ரெண்டாத் தெரியும்."

எல்லாவற்றிலும் ஒரு துண்டு சாம்பிள் வெட்டித் தரச் சொன்னேன். கத்தரியை எடுத்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"சார், கேபிள்ல செய்தி வாசிப்பாரே சுகுமாரன் சார், அவருக்குச் சொந்தமா?"

"தம்பி."

"அதான! ஜாடை இருக்கு சார்." கொஞ்சம் நிறுத்தி, "லேசா" என்றார்.

லேசாக. என்னை அப்படித்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் விலங்கியல் நடத்தினேன். துறைத் தலைவர் நாற்காலியை என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரிவு உபசார விழாவைத் தொகுத்து வழங்க யாரைக் கூப்பிட்டார்கள்? சுகுமாரனை. அந்தக் குரலுக்காக. நான் ஏற்புரைக்கு எழுந்தபோது பாதி அரங்கம் அவனோடு படம் எடுத்துக்கொள்ள வெளியே போயிருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பத்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் சாம்பிள்களை அவன் முன் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இடது பக்கமாகத்தான் பிடித்தேன். வஞ்சனை இல்லை.

நீலத்துக்கு அசையவில்லை. கறுப்புக்கும் இல்லை. பச்சைச் செடியைக் காட்டியதும் இடது கை விரலால் அதைத் தொட்டான். மறுபடியும் தொட்டான். கண்ணில் ஏதோ மினுங்கியது. கடைசியாக மிரர் துண்டைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவன் தன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்மா முதல் நாளே அந்த அறை நிலைக்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். "பாவம்ங்க, சினிமா ஹீரோ கணக்கா இருந்தவரு" என்றாள். என்னை அவள் எதனோடும் ஒப்பிட்டதில்லை.

துண்டுக்குள் தன் வாயைப் பார்த்தான். ஒரு நொடி யாரோ என்று பார்த்தான். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டான். செய்திக்கு முன்னால் கால் மணி நேரம் சீப்பும் கையுமாகக் கண்ணாடி முன் நிற்பவன்.

பத்மா வந்ததும், "தம்பி எதங்க காட்டினாரு?" என்று கேட்டாள்.

"மிரர்தான் வேணுமாம்."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றுக்குட்டி சத்தம் மாதிரி.

"பாரு, எவ்வளவு சந்தோஷம்" என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

பின்னணி ஒட்டினேன்.

பத்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். எதிர்வீட்டில் அப்படித்தான் தடவிப் போஸ்டர் ஒட்டினார்களாம். அது காகிதத்துக்குச் சரி. ஃபிலிமுக்குச் சோப்புத் தண்ணீர்தான். பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழே மெல்ல இறக்கி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தேன். ஒரு குமிழி இல்லை. நான் செய்கிற வேலை சுத்தமாக இருக்கும். அதை யாரும் சொல்ல மாட்டார்கள், நானாவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

விளக்கைப் போட்டதும் அறை இரண்டு மடங்கானது. நடுவில் கட்டில், கட்டிலில் அவன் முகம். நான் இடப்பக்கம் நின்று சரிபார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருக்க முடியும்?

அக்டோபர் 12, ஞாயிறு

மீன் வாங்கி வந்தேன். பத்மா தங்க மீன் எட்டும் கறுப்பு ஒன்றும் கேட்டாள், வாஸ்துவாம். நான் ஃப்ளவர்ஹார்ன் ஒன்றே ஒன்று வாங்கினேன். நெற்றியில் பெரிய புடைப்பு, உடம்பெல்லாம் சிவப்பு. தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைப் பொறுக்காத சாதி. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

பையிலிருந்து விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றியது. பின்பக்கம் திரும்பியது. எதிரில் தன்னைப்போலவே ஒருவன். செவுளை விரித்தது, அவனும் விரித்தான். பாய்ந்தது.

டக்.

"என்னங்க இது, முட்டுது?"

"பழகிடும்."

பழகாது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 14, செவ்வாய்

டக், டக். தபால்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

பழைய சக ஆசிரியர்கள் இருவர் சுகுமாரனைப் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள். கிளம்பும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல கூடப்பொறந்தவன இப்படி வச்சுப் பாக்குறவங்க யாரு தாமு சார்? நீங்க பெரிய மனுசன்" என்றார். வாசலில் இன்னொருவர் தன் மனைவிக்குப் போனில் சொன்னது காதில் விழுந்தது: "நம்ம தாமோதரன் சார் தம்பிதாம்மா."

தாமோதரன் சார் தம்பி. இதைக் கேட்க ஐம்பத்து நான்கு வயது ஆகியிருக்கிறது.

பத்மா தினமும் மதியம் ஒரு மாதுளையை உரித்துக் கிண்ணத்தில் போட்டு, "தம்பிக்குக் குடுங்க, ரத்தம் ஊறும்" என்று என்னிடம் தந்துவிட்டுப் படுக்கப் போகிறாள். மேசையில் உட்கார்ந்து நானே சாப்பிட்டுவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஏதோ கோபத்தில் மாதுளை பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கென்று அவள் ஒரு பழத்தை உரித்ததில்லை. எழுந்ததும் கேட்பாள்: "சாப்பிட்டாரா?" "சாப்பிட்டாச்சு" என்பேன். பொய் இல்லை. சாப்பிட்டாயிற்று.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் அபிராமி வீடியோவில் கூப்பிட்டாள். பத்மா கீழ்வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாள். சத்தத்தைக் குறைத்து, போனை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே பேசின் பக்கம் வந்தேன்.

"பெரியப்பா, அப்பா எங்க? காட்டுங்க."

"தூங்குறாம்மா."

"எப்பக் கூப்பிட்டாலும் தூங்குறாரு. நான் இங்க கீழ் வீடா பாத்து வச்சிருக்கேன். படியேற வேண்டாம். ஆஸ்பத்திரியும் பக்கம். நவம்பர்ல வந்து கூட்டிட்டுப் போயிடறேன், சரியா?"

"நான் கேட்டேன். வேண்டாம்னு தலைய ஆட்டறான்."

"ஏன்?"

"உனக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு நெனப்பான். அவன் ஆசைய நான் மீற முடியுமா?"

அவள் அழுதாள். தீபாவளியும் அதுவுமாக. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, வரேன். நேர்ல அவரே இல்லன்னு சொல்லட்டும், நான் விட்டுடறேன்" என்றாள்.

அவரே சொல்லட்டும் என்கிறாள். அவரால் 'ம்' சொல்ல முடியாது. தலையாட்டலுக்கு அர்த்தம் சொல்ல நான் இருக்கிறேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கண் திறந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உம் பொண்ணு கூப்பிடவே இல்லடா. தீபாவளிக்குக்கூட" என்றேன்.

அனுப்பிவிட்டால் நான் மறுபடி யாருடைய அண்ணன்?

அக்டோபர் 24, வெள்ளி

எஸ்தர் இரண்டு வாரம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தாள். இன்று வந்தவள் தொட்டியைப் பார்த்ததும் கை தட்டினாள்.

"ஆன்ட்டி, மிரர்! சூப்பர்! யாரு யோசிச்சது?"

"இவர்தாம்மா" என்றாள் பத்மா. குரலில் ஒரு பெருமை. என்னைப் பற்றி அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"சார், நானே ஒரு கண்ணாடி வைக்கச் சொல்லணும்னு இருந்தேன். இவங்க தன் வாயத் தானே பாத்துப் பயிற்சி பண்ணணும். அங்கிள், இங்க பாருங்க, நான் 'ஓ' சொல்றேன், நீங்களும் உதட்டக் குவிங்க. சத்தம் வராட்டாலும் பரவால்ல. பாத்துப் பண்ணுங்க."

அவன் பார்த்தான். இடது உதடு குவிந்தது, வலது தொங்கியது. "அழகு!" என்றாள். அழகாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பரவாயில்லை. 'ஓ' என்று குவிக்கிற வாயிலிருந்து எச்சில் ஒழுகுவதையும் அவன்தானே பார்க்கிறான்.

அக்டோபர் 29, புதன்

மீனின் உதடு கிழிந்துவிட்டது. தாடை ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. வலப் பக்கம். தற்செயல்தான், ஆனால் ரசித்தேன். தீனியைப் போட்டால் கவ்வ முடியாமல் துப்புகிறது. துப்பிவிட்டுத் திரும்பிக் கண்ணாடிக்காரனை முட்டப் போகிறது.

பத்மா, "கண்ணாடிய உரிச்சுடுங்க, பாவம் சேரும்" என்றாள்.

"தம்பியோட பயிற்சிக்கு வேணும்னு எஸ்தர் சொன்னா இல்ல?"

தீனி டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

சுகுமாரன் இடது கையை நீட்டி நீட்டி எதையோ தேடுகிறான். தொட்டி விளக்கின் ஸ்விட்ச் ஒயர் கட்டில் ஓரத்தில் தொங்குகிறது. விளக்கை அணைத்தால் பிம்பம் மங்கும், மீன் அடங்கும். அதைக் கண்டுபிடித்திருக்கிறான். நேற்று இரண்டு முறை அணைத்துவிட்டான். ஒயரைச் சுருட்டி ஸ்டாண்டின் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

என்னைப் பார்த்து அந்தக் கன்றுக்குட்டிச் சத்தத்தைச் செய்தான்.

"புரியலடா" என்றேன். "தெளிவா வாசி."

நவம்பர் 4, செவ்வாய்

அம்மாவின் திதி. சாப்பாடு முடிந்து பத்மா படுத்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்தது அவன். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசிப் பிள்ளை. எங்கள் பக்கம் வழக்கம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்க்கரிசி போட்டபோது அவன் அழுததைக் கேபிள்காரன் படம் எடுத்து மாலைச் செய்தியில் போட்டான். ஊரே அழுதது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் மலச்சட்டியை எடுத்தவன் நான். அதை யாரும் படம் எடுக்கவில்லை. கடைசி வாரம் அவள் நினைவு தப்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகு, வந்துட்டியாப்பா" என்றாள். வந்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இன்று அவன் தலைமாட்டுக்குப் பின்னால், வலப்பக்கம் நின்றேன். அவன் 'ஓ' பழகிக்கொண்டிருந்தான். நானும் வாயைக் கோணலாக்கி, எச்சில் ஒழுகுகிற மாதிரி தலையை ஆட்டி, அவனைப் போலவே செய்து காட்டினேன். யாருக்கு என்று கேட்டால், எனக்கு. கொஞ்ச நாளாகத் தினமும் செய்கிறேன். மனசு இலேசாகிறது. அவன் பயிற்சியை நிறுத்தவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

மீன் செத்துப்போனது. மிதக்கவில்லை. கண்ணாடியின் அடியில் சாய்ந்து, அந்தப் பக்கத்துக்காரனின் மேல் சாய்ந்த மாதிரி கிடந்தது. இருவரும் சமம்.

சுகுமாரன் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. பத்மா மீனைத் துணியில் எடுத்துக்கொண்டு கீழே போய்ச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தாள். "ஒரு வாயில்லா ஜீவன்" என்று சொல்லிவிட்டு, கட்டிலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தண்ணீரை இறைக்கவில்லை. விளக்கும் இருக்கிறது. இப்போது தொட்டியில் அவனைத் தவிர வேறொன்றும் இல்லை.

நவம்பர் 12, புதன்

எஸ்தர் வந்திருந்தாள். நான் மாதுளைக் கிண்ணத்தோடு மேசையில் இருந்தேன்.

"அங்கிள், அன்னைக்குப் பழகினது."

"ஓ" என்றான்.

சத்தத்தோடு. கரகரப்பு இருந்தது. ஆனால் அது அவன் குரல், சந்தேகமே இல்லை. பத்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா சொல்லுங்க." "அ...மா." பத்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு எஸ்தர் ஒரு பேனாவை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, இடப்பக்கம் கொண்டு போனாள். கண் கூடவே போனது. வலப்பக்கம் கொண்டு வந்தாள்.

கண் கூடவே வந்தது. கடைசி வரை வந்தது.

"அங்கிள்! இந்தப் பக்கம் தெரியுதா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"இன்னைக்குத்தான் தெரியுதா?"

இல்லை.

"போன வாரத்துல இருந்தா?"

இல்லை.

"அப்ப எப்ப இருந்து? மீன் இருந்தப்பவே தெரிஞ்சுதா?"

இடது கையைத் தூக்கினான். விரல் தொட்டியைக் காட்டியது. அதில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. விரல் அப்படியே கொஞ்சம் நகர்ந்து, கண்ணாடியின் வலது ஓரத்தில் நின்றது.

"மீன் வந்த புதுசுலயேவா! ஏன் அங்கிள், எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று சிரித்தாள் எஸ்தர். "சார், கேட்டீங்களா?"

என் வாயில் மாதுளை இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பத்மா அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டக் கொண்டு போன நேரத்தில், அவன் கட்டிலில் ஏறிப் படுத்தேன். அவன் தலையணையில் தலை வைத்துப் பார்த்தேன்.

ஒட்டிய அன்று இடப்பக்கம் நின்று மட்டும்தான் சரிபார்த்தேன். இங்கிருந்து கண்ணாடியின் வலது பாதியில் கதவு. கதவுக்கு அப்பால் மேசை, மேசையின் நாற்காலி, பேசின். ஒன்றும் மறையவில்லை. பேசின் பக்கம் போன் பேசுபவன் கையில் இருக்கும் முகம்கூடத் தெரியும். நான் ஒட்டியது அப்படி. ஒரு குமிழி இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஜாபர் கடையில் கறுப்பு வினைல் வாங்கினேன். "கண்ணாடி போரடிச்சிருச்சா சார்?" என்றார்.

"ஆமா."

"கறுப்புதான் சார் என்னைக்கும் கௌரவம். நான் அப்பவே சொன்னேன்." சொன்னவர் மிரர் விற்றவர்தான்.

நவம்பர் 15, சனி

வினைலையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். தொட்டியின் பின்னால் கைவிட்டு ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன்.

"என்னங்க பண்றீங்க?" பத்மா கூடவே வந்து நின்றாள்.

"மீனே இல்ல, எதுக்குக் கண்ணாடி? கறுப்பு ஒட்டிட்டு வேற மீன் விடலாம்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இருக்...கட்டும்."

பத்மா அழுதே விட்டாள். முழுதாக ஒரு சொல்! கீழ்வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். நான் ஃபிலிமின் ஓரத்தை விரலால் அழுத்தி மறுபடி ஒட்டினேன். அந்த மூலையில் இப்போது ஒரு குமிழி நிற்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

நான்கு நாளாக எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியவில்லை.

நவம்பர் 22, சனி

அபிராமி வந்தாள். படியேறும்போதே அழுகை. அப்பாவின் நெஞ்சில் முகம் வைத்துக்கொண்டு, "தினம் கூப்பிட்டேம்ப்பா. நீங்க தூங்கிட்டே இருந்தீங்க" என்றாள். அவன் இடது கையால் அவள் தலையைத் தடவினான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் கதவில் நின்றேன், கண்ணாடியில் இருந்தேன்.

இப்போது சொல்வான் என்று நின்றேன். போன், மாதுளை, ஒயர், அந்தக் கோணல் வாய். சொற்கள் வர ஆரம்பித்துவிட்டன. சொன்னால் அவள் நம்புவாள், பத்மாவும் நம்புவாள். பத்மா உடனே நம்புவாள், அதுதான்.

"அப்பா, எங்கூட வந்துடுங்க. வீடு பாத்துட்டேன். பெரியப்பா நீங்க வேண்டாம்னு சொன்னதாச் சொல்றாரு. நெசமா? உங்க வாயால சொல்லுங்க."

போய்விடு என்று மனசுக்குள் சொன்னேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடு. இந்த மூன்று மாதத்தில் அவன் போக வேண்டும் என்று நான் நினைத்தது அந்த ஒரு முறைதான்.

நிறைய நேரம் எடுத்தான். உதட்டைக் கண்ணாடியில் பார்த்துக் குவித்தான்.

"இங்க...தான்."

"அப்பா?"

"அண்ணன்... கிட்ட."

அபிராமி எழுந்து வந்து என் காலில் விழுந்தாள். "உங்களத் தப்பா நெனச்சுட்டேன் பெரியப்பா. நீங்கதான் அவர மறைக்கிறீங்களோன்னு..." என்று முடிக்காமல் விட்டாள். பத்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் அபிராமியின் தலைக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்தேன். அங்கே ஒரு கோணல் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. செய்தி தொடங்குவதற்கு முன்னால் கேமராவைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

நவம்பர் 24, திங்கள்

அபிராமி காலை ரயிலில் போய்விட்டாள். மாதம் ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மதியம் பத்மா மாதுளைக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். நான் மேசைக்குப் போகவில்லை. நேராகக் கட்டிலின் இடப்பக்கம் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து அவன் வாயருகே நீட்டினேன்.

வாயைத் திறக்கவில்லை.

"சாப்பிடுடா."

இடது கையால் கரண்டியைப் பிடித்து, மெல்லத் திருப்பி, என் பக்கம் தள்ளினான்.

"நீ... தின்னு."

"சுகு."

"தின்னு."

"ஏன்டா போகல? மககூடப் போயிருக்கலாம்ல?"

கண்ணாடியைப் பார்த்து உதட்டைச் சரிசெய்துகொண்டான். 'ப'வுக்கு இரண்டு உதடும் சேர வேண்டும். இடது பக்கம் சேர்ந்து, வலது பக்கம் மெல்ல வந்து ஒட்டியது.

"பாக்கணும்" என்றான்.

சாப்பிட்டேன். ஒரு கரண்டி. அவன் விரல் கிண்ணத்தைத் தட்டியது. இன்னொரு கரண்டி. மறுபடி தட்டியது. தொட்டியில் ஒருவன் தின்றுகொண்டிருந்தான், ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணம் காலியாகும் வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. முத்து ஒன்று தரையில் விழுந்தது; அதையும் விரலால் காட்டினான். குனிந்து எடுத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து பத்மா கேட்டாள்: "தம்பி சாப்பிட்டாரா?"

என் வாய் நிறைய இருந்தது.

"சாப்பிட்டாச்சு" என்றான் சுகுமாரன். ஒரு திக்கல் இல்லை. செய்தி வாசிக்கிற அதே குரல்.